1996-ஆ, 2012-ஆ? கென்டக்கியின் தலைசிறந்த அணி எது

அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்துக்கென்று தொழில்முறைக் கூடைப்பந்து லீக்கான என்.பி.ஏ.வில் அணி கிடையாது. அமெரிக்கக் கால்பந்திலும் பேஸ்பாலிலும் பெரிய லீக் அணி எதுவும் இல்லை. கிழக்கே நிலக்கரி மலைகளில் வாழ்கிறவருக்கும், லெக்சிங்டனைச் சுற்றிக் குதிரைப் பண்ணை வைத்திருப்பவருக்கும், புகையிலை பயிரிட்ட விவசாயிக்கும் பொதுச்சொத்தாக இருப்பது கென்டக்கி பல்கலைக்கழகத்தின் கூடைப்பந்து அணிதான். (லூயிவில் பல்கலைக்கழகத்து ஆட்கள் இதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள். அது தனிப் பங்காளிச் சண்டை.) எட்டு முறை தேசியப் பட்டம் வாங்கிய அணி இது: 1948, 1949, 1951, 1958, 1978, 1996, 1998, 2012. அணியின் சொந்த ஊர் அரங்கமான ரப் அரங்கத்தில் எட்டுக்கும் கொடி தொங்குகிறது. இந்த எட்டில் எந்த அணி பெரியது என்று கேட்டால் போதும், அன்றைக்கு யாருக்கும் வேறு வேலை ஓடாது.

இந்தச் சண்டையில் பட்டமே வாங்காத இரண்டு அணிகளும் உரிமையோடு வந்து உட்கார்ந்துகொள்ளும். ஒன்று ஓர் ஆட்டத்தில்கூடத் தோற்காத 1954. இன்னொன்று 38 ஆட்டம் வென்று 39-ஆவதில் சறுக்கிய 2015. இரண்டையும் கணக்கில் சேர்த்தாக வேண்டும், இல்லாவிட்டால் பேச்சு நேர்மையாக இருக்காது.

வழக்கமாக இந்த வாதத்தில் மூன்று அளவுகோல்களை எடுப்பார்கள்: எத்தனை வெற்றி, எத்தனை பேர் என்.பி.ஏ.வுக்குப் போனார்கள், சராசரியாக எத்தனைப் புள்ளி வித்தியாசத்தில் ஜெயித்தார்கள். மூன்றும் தேவைதான், ஆனால் மூன்றுமே நல்ல நாள்களின் கணக்கு. எறிந்ததெல்லாம் வளையத்துக்குள் விழுகிற இரவில் எந்த அணியும் ராஜாதான். நான் கேட்பது வேறு. எதுவுமே சரியாக விழாத இரவில், முக்கிய ஆட்டக்காரர் சொதப்பிய இரவில், அந்த அணி என்ன செய்தது? அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தின் மார்ச் மாதப் போட்டியில் இரண்டாவது வாய்ப்பு கிடையாது. ஒரு தடவை தோற்றால் மூட்டை கட்ட வேண்டியதுதான். ஆறு ஆட்டம் தொடர்ந்து ஜெயிக்க வேண்டும், அந்த ஆறில் ஒன்றாவது மோசமான இரவாக அமைந்தே தீரும்.

பழைய அணிகளிலிருந்து தொடங்குவோம்.

1948 அணிக்கு ‘அற்புத ஐவர்’ என்று பெயர். அலெக்ஸ் குரோஸா, ரால்ஃப் பியர்ட், வாலஸ் ஜோன்ஸ், கிளிஃப் பார்க்கர், கென்னி ராலின்ஸ். பயிற்சியாளர் அடால்ஃப் ரப். 36 வெற்றி, 3 தோல்வி. நியூயார்க் மேடிசன் ஸ்குவேர் கார்டனில் நடந்த இறுதியாட்டத்தில் பேலரை 58-42 என்று வென்றார்கள். அதே கோடையில் ஐந்து பேரும் லண்டன் ஒலிம்பிக்குக்குப் போய்த் தங்கத்தோடு திரும்பினார்கள். ஒரு கல்லூரியின் முதல் ஐவர் அப்படியே நாட்டுக்காக ஆடித் தங்கம் வென்றதெல்லாம் இன்றைக்கு நினைத்துப் பார்க்க முடியாத விஷயம். அவர்களில் பார்க்கர் உலகப் போரில் விமானம் சுடப்பட்டு ஜெர்மனியில் போர்க் கைதியாக இருந்தவர். முகாமில் கிடைத்த வாலிபாலை வைத்துக் கைப்பழக்கம் செய்தார் என்று சொல்வார்கள். அவருடைய பாஸ்களைப் பற்றிப் பேசும்போதெல்லாம் இந்தக் கதையும் கூடவே வரும்.

ஆனால் இதற்கு ஒரு பின்கதை உண்டு. 1951 அக்டோபரில் குரோஸாவும் பியர்டும் இன்னொரு வீரரும் கைதானார்கள். சூதாட்டக்காரர்களிடம் பணம் வாங்கிக்கொண்டு புள்ளி வித்தியாசத்தைக் குறைத்து ஆடினார்கள் என்பது குற்றச்சாட்டு, ஒப்புக்கொண்டார்கள். என்.பி.ஏ. குரோஸா, பியர்ட் இருவருக்கும் ஆயுள் தடை போட்டது. அது 1949 சீசன் விவகாரம், 1948-க்கு ஒட்டாது என்று வாதிடுகிறவர்கள் இருக்கிறார்கள். சட்டப்படி சரிதான். ஆனால் ‘மோசமான இரவில் என்ன செய்தார்கள்’ என்று கேட்கிற என்னைப் போன்றவனுக்கு, மோசமான இரவு தானாக வந்ததா வரவழைக்கப்பட்டதா என்ற சந்தேகம் எழுந்துவிட்டால் பிறகு அளப்பதற்கு ஒன்றும் இல்லை.

1954 வேறு மாதிரி. அந்தச் சூதாட்ட விசாரணையின் தொடர்ச்சியாகக் கென்டக்கிக்கு 1952-53 சீசன் முழுவதும் ஆட்டமே இல்லாமல் போனது. ஓராண்டு எதிரணி இல்லாமல் தங்களுக்குள்ளேயே ஆடிப் பயிற்சி எடுத்தார்கள். அந்தப் பயிற்சி ஆட்டங்களைப் பார்க்கவும் கூட்டம் வந்தது என்பதிலிருந்து ஊரின் பசியைப் புரிந்துகொள்ளலாம். அடுத்த சீசனின் முதல் ஆட்டத்திலேயே கிளிஃப் ஹேகன் டெம்பிள் அணிக்கு எதிராக 51 புள்ளி எடுத்தார். அதிலிருந்து 25 ஆட்டம், 25 வெற்றி. சராசரி வித்தியாசம் 27 புள்ளி. தூரத்திலிருந்து எறிந்தால் மூன்று புள்ளி தரும் கோடு இல்லாத, எறிய வேண்டிய நேரத்துக்குக் கடிகாரம் இல்லாத காலத்தில் 27!

அப்புறம் நடந்ததுதான் கொடுமை. ஹேகன், ஃபிராங்க் ராம்சே, லூ சியரோபுலஸ் மூவரும் படிப்பை முடித்துப் பட்டதாரி மாணவர்களாகத் தொடர்ந்தவர்கள். பட்டதாரி மாணவர்கள் என்.சி.ஏ.ஏ. போட்டியில், அதாவது அந்த மார்ச் மாதப் போட்டியில், ஆடக் கூடாது என்பது அன்றைய விதி. மூவர் இல்லாமலாவது போகலாம் என்று வீரர்கள் விரும்பினார்கள். ரப் மறுத்துவிட்டார். தோல்வியே காணாத அணி வீட்டில் உட்கார்ந்திருக்க, அந்த ஆண்டுப் பட்டத்தை லா சால் கல்லூரி வாங்கியது. அதே லா சாலை அந்த சீசன் டிசம்பரில் கென்டக்கி 73-60 என்று வென்றிருந்தது. 1954 ஆதரவாளர்கள் இந்த ஒரு வரியை வைத்தே அரை மணி நேரம் பேசுவார்கள். பேசட்டும், அவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது.

இருந்தாலும் என்னால் அந்த அணிக்கு ஓட்டுப் போட முடியவில்லை. மார்ச் மாத நெருப்பில் இறங்காத அணி என்பது ஒரு காரணம். பெரிய காரணம் இன்னொன்று. அன்றைய தென்கிழக்கு மாநாட்டில், அதாவது எஸ்.இ.சி.யில், எல்லா அணிகளிலும் வெள்ளையர் மட்டுமே ஆடினார்கள். கென்டக்கியின் சட்டையை முதல் கறுப்பின வீரர் டாம் பெய்ன் போட்டுக்கொண்டு இறங்கியது 1970-71 சீசனில். நாட்டின் ஆட்டக்காரர்களில் ஒரு பெரும் பகுதியை வாசலிலேயே நிறுத்திவிட்டுச் சேர்த்த வெற்றிகள் அவை. ஹேகனும் ராம்சேயும் பிறகு என்.பி.ஏ.வில் பட்டம் வென்று தங்கள் திறமையை நிரூபித்தவர்கள், அவர்கள் மேல் குறை சொல்லவில்லை. ஆனால் ‘எல்லாக் காலத்துக்கும் பெரிய அணி’ என்கிற கிரீடத்தைப் பாதி ஆட்டக்காரர்களுக்கு மூடப்பட்டிருந்த களத்தில் வைத்துக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

இடையில், மனதுக்கு நெருக்கமான இரண்டு அணிகளை வணங்கிவிட்டு நகர்கிறேன். 1992-இல் டியூக்கிடம் 104-103 என்று கடைசி நொடியில் லேட்னரின் எறிதலுக்குத் தோற்ற அணி. அதன் நான்கு மூத்த வீரர்களின் சட்டைகளை அரங்கத்தில் ஏற்றி மரியாதை செய்திருக்கிறார்கள். அடுத்து 1998: அதே டியூக்கிடம் இரண்டாம் பாதியில் 17 புள்ளி பின்தங்கி, 86-84 என்று ஜெயித்து, பட்டம் வரை போன அணி. கென்டக்கி வீட்டுக் கல்யாணங்களில் சொல்லப்படுகிற கதைகள் இவை. ஆனால் பாசம் வேறு, பலம் வேறு.

1978 அணியைப் பற்றி இன்றைய இளைஞர்கள் அதிகம் பேசுவதில்லை. 30 வெற்றி, 2 தோல்வி. பயிற்சியாளர் ஜோ பி. ஹாலின் பிள்ளைகள். அணியின் மூத்தவர்கள் 1975-இல் முதலாண்டு மாணவர்களாக இருந்தபோது, பயிற்சியாளர் ஜான் வுடனின் கடைசி ஆட்டத்தில் அவருடைய யு.சி.எல்.ஏ.விடம் இறுதியில் தோற்றவர்கள். நான்காவது ஆண்டில் ஜெயிக்காவிட்டால் முகத்தில் விழிக்க முடியாது என்கிற அழுத்தம். சிரிப்பே இல்லாத சீசன் என்று அதைச் சொல்வது வழக்கம், ஜெயித்தால்கூட ‘சரி, அடுத்தது?’ என்பதுதான் முகபாவம். மார்ச் மாதத்தின் முதல் ஆட்டத்திலேயே ஃபுளோரிடா ஸ்டேட்டுக்கு எதிராகப் பாதி நேரத்தில் பின்தங்கினார்கள். ஹால் என்ன செய்தார் தெரியுமா? முதல் ஐவரில் முக்கியமானவர்களை பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு மாற்று ஆட்களை இறக்கினார். அவர்கள் ஆட்டத்தைத் திருப்பினார்கள். என் அளவுகோலுக்கு இது தங்கம். மாஜிக் ஜான்சன் ஆடிய மிஷிகன் ஸ்டேட்டை 52-49 என்று இழுத்துப் பிடித்து வென்றதும் அப்படித்தான்: அழகு கிடையாது, பிடிவாதம் மட்டும். இறுதியில் டியூக்குக்கு எதிராக லெக்சிங்டன் பையன் ஜாக் கிவன்ஸ் 41 புள்ளி எடுத்தார், 94-88.

மூன்றாவது இடம் என்று ஒன்று கொடுப்பதென்றால் என் கை 1978-க்குத்தான் போகும். முதலிடத்துக்கு வராததற்குக் காரணம், அந்த அணியின் ஆட்டத்தை இன்றைக்குப் போட்டுப் பார்த்தால் கால்வேகத்தில் ஒரு தலைமுறை பின்னால் இருப்பது கண்ணுக்குத் தெரிகிறது. ராபி, ஃபிலிப்ஸ் என்ற இரண்டு பெரிய உடம்புகள் வளையத்தடியில் நின்று இடிக்கிற ஆட்டம். அன்றைக்கு அதுவே போதுமானதாக இருந்தது.

இப்போது 2015. இந்த அணியைப் பற்றிப் பேசும்போது கென்டக்கி ரசிகர்களின் குரல் ஒரு படி இறங்கிவிடும், சாவு வீட்டில் பேசுவது போல. பயிற்சியாளர் ஜான் கலிப்பாரியிடம் அந்த ஆண்டு ஆள் பலம் கூடிப்போனது. கார்ல்-ஆந்தனி டவுன்ஸ், வில்லி காலி-ஸ்டைன், டெவின் புக்கர், ட்ரே லைல்ஸ், ஹாரிசன் இரட்டையர், டைலர் யூலிஸ், டக்காரி ஜான்சன். யாரை உட்கார வைப்பது என்று தெரியாமல், ஐந்து ஐந்து பேராக இரண்டு படைப்பிரிவு அமைத்து மாற்றி மாற்றி இறக்கினார். பிற்காலத்தில் என்.பி.ஏ.வின் பெரிய நட்சத்திரமான புக்கர் அந்த அணியில் முதல் ஐவரில்கூட இல்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். கான்சஸை 72-40 என்று நசுக்கினார்கள். யு.சி.எல்.ஏ.வுக்கு எதிராக முதல் 24 புள்ளியும் இவர்களுடையதே, பாதி நேரத்தில் 41-7. மார்ச்சில் வெஸ்ட் வர்ஜீனியாவை 78-39, சரியாக இரண்டு மடங்கு. 38-0.

1976 இண்டியானாவுக்குப் பிறகு யாரும் தொடாத ‘தோல்வியில்லாச் சாம்பியன்’ பட்டத்துக்கு இரண்டு ஆட்டம் பாக்கி. இண்டியானாபொலிஸில் விஸ்கான்சினுக்கு எதிராகக் கடைசி ஆறேழு நிமிடத்தில் நான்கு புள்ளி முன்னிலையும் இருந்தது, 60-56. அங்கேதான் கை நடுங்கியது. அன்றைய விதிப்படி 35 நொடிக்குள் எறிய வேண்டும். பந்தை வைத்துக்கொண்டு யோசித்து யோசித்து, அடுத்தடுத்து மூன்று தடவை நேரம் தாண்டிவிட்டது. எறிந்து தவறினால்கூட ரீபவுண்ட், அதாவது தவறித் திரும்பும் பந்து, கிடைக்கலாம், எறியாமலே இழந்தார்கள். நேரம் முடிந்த பிறகு விஸ்கான்சின் போட்ட ஒரு கூடை செல்லுபடியானது நடுவர்களின் தவறு என்று இன்றும் புலம்புவார்கள். அது உண்மைதான். ஆனால் அந்த மூன்று தடவையும் பந்து இவர்கள் கையில்தான் இருந்தது. 71-64. முடிந்தது.

இத்தனை ஆள் இருந்தும், நெருக்கடியில் ‘பந்தை என்னிடம் கொடு’ என்று சொல்லும் உரிமை யாருக்கு என்பது அந்த சீசன் முழுக்கத் தீர்மானமாகவே இல்லை. முப்பது புள்ளியில் ஜெயித்துக்கொண்டிருந்தவர்களுக்கு அதைத் தீர்மானிக்கும் அவசியம் வரவில்லை. கூடவே, மோசமான இரவில் ஆடிப் பழகவும் வாய்ப்பில்லாமல் போய்விட்டது. திறமையை மட்டும் நிறுத்துப் பார்த்தால் பட்டியலில் முதல் அணி 2015. நான் திறமையை மட்டும் நிறுக்கவில்லை.

எஞ்சியிருப்பது இரண்டு: 1996, 2012.

இந்த இரண்டுக்கும் இடையில் ஒரு விசித்திரமான ஒற்றுமை. இரண்டுமே எஸ்.இ.சி. சீசனில் 16-0. இரண்டுமே இரண்டே ஆட்டம் தோற்றன. முதல் தோல்வி சீசன் தொடக்கத்தில், இரண்டாவது எஸ்.இ.சி. தொடரின் இறுதியாட்டத்தில், அதாவது மார்ச் போட்டிக்குச் சற்று முன்னால். ஒரே ஜாதகம். அதனால்தான் தீர்ப்புச் சொல்வது இவ்வளவு சிரமமாக இருக்கிறது.

1996 அணி பயிற்சியாளர் ரிக் பிட்டினோவுடையது. 34-2. அந்த அணியிலிருந்து என்.பி.ஏ.வில் ஆடியவர்கள் ஒன்பது பேர்: டோனி டெல்க், அன்டுவான் வாக்கர், வால்டர் மெக்கார்ட்டி, ரான் மெர்சர், டெரெக் ஆண்டர்சன், மார்க் போப், ஜெஃப் ஷெப்பர்ட், வெய்ன் டர்னர், நாஸ்ர் முகமது. இதில் வேடிக்கை என்னவென்றால், பந்தைக் கொண்டுபோய் ஆட்டத்தை நடத்தியவர் இந்த ஒன்பதில் இல்லை. ஆந்தனி எப்ஸ், கென்டக்கிக்காரர். நவம்பரில் மார்கஸ் கேம்பியின் மாசசூசெட்ஸ் அணியிடம் 92-82 என்று தோற்றபோது பந்து டெல்க் கையில் இருந்தது. பிறவி எறியாளரைப் பந்து சுமக்கச் சொன்னது தவறு என்று பிட்டினோ உணர்ந்து, டெல்க்கை அவருடைய பழைய இடத்துக்கே அனுப்பி, எப்ஸிடம் சாவியைக் கொடுத்தார். அடுத்த தோல்வி மார்ச்சில்தான் வந்தது. நட்சத்திரங்களுக்கு நடுவில் ஒரு நிதானமான கை எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது. (2015-இல் இல்லாமல் போனது இதுவோ என்னவோ.)

அவர்களுடைய ஆயுதம் பிரஸ். கூடை விழுந்ததும் பின்னால் ஓடிப்போய்த் தற்காக்காமல், அங்கேயே, எதிரணியின் வளையத்தடியிலேயே மறிப்பது. பந்தை உள்ளே போட வருகிறவர் முகத்துக்கு நேரே நீண்ட கைகள். எப்படியோ போட்டு வாங்கினால் ஓரக்கோட்டுப் பக்கம் தள்ளிக்கொண்டு போய் இருவர் சூழ்வார்கள். கோடு மூன்றாவது காவல்காரன். அவசரத்தில் தூக்கிப் போடும் பாஸை இன்னொருவர் வந்து தட்டுவார். எதிரணி பந்தில் எத்தனை தடவை விரல் பட்டது என்பதைப் பிட்டினோவின் ஆட்கள் பெஞ்சில் உட்கார்ந்து எண்ணிக்கொண்டிருப்பார்கள். ஓர் ஆட்டத்துக்கு 35 தடவையாவது பட வேண்டும் என்பது இலக்கு. பந்தைப் பறிப்பதுகூட இரண்டாம் பட்சம், தொட்டுக்கொண்டே இருப்பதுதான் வேலை. நாற்பது நிமிடம் இப்படி ஓட ஐந்து பேர் போதாது, ஒன்பது பத்துப் பேர் வேண்டும். இருந்தார்கள். ஜனவரியில் எல்.எஸ்.யு. ஊரில் போய், அவர்கள் அரங்கத்திலேயே, முதல் பாதியில் மட்டும் 86 புள்ளி எடுத்தார்கள். அது முழு ஆட்டத்தின் எண் என்று நினைக்கத் தோன்றும். இருபது நிமிடத்தில் 86.

மார்ச் மாதத்தில் முதல் நான்கு ஆட்டங்களில் வித்தியாசம் 38, 24, 31, 20. நான்காவது எதிரணியில் பின்னாள் என்.பி.ஏ. நட்சத்திரம் டிம் டங்கன் இருந்தார் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பிறகு அதே மாசசூசெட்ஸ், இந்தத் தடவை 81-74.

இறுதியாட்டம்தான் எனக்கு முக்கியம், ஏனென்றால் அதுதான் அவர்களுடைய மோசமான இரவு. டெனிம் நிறத்துச் சட்டை போட்டுக்கொண்டு நியூஜெர்சியில் சிரக்யூஸை எதிர்த்து இறங்கியவர்கள் எறிந்ததில் பத்துக்கு நான்குகூட விழவில்லை. சிரக்யூஸின் ஜான் வாலஸ் 29 புள்ளி எடுத்தார். 13 புள்ளி முன்னிலை கரைந்து கரைந்து 64-62 ஆனது, இன்னும் ஐந்து நிமிடத்துக்கும் குறைவு. தவறிய ஓர் எறிதலை மெக்கார்ட்டி எகிறித் தட்டி உள்ளே போட்டார். கடைசி நிமிடத்தை ஒட்டி வாலஸ் ஐந்தாவது ஃபவுல் வாங்கி வெளியேற, அந்த ஃபவுலுக்கான இரண்டு ஃப்ரீ த்ரோவையும் மார்க் போப் போட்டார். டெல்க் 24 புள்ளி, அதில் ஏழு மூன்று புள்ளி எறிதல்கள். பெஞ்சிலிருந்து வந்த முதலாண்டு மாணவர் மெர்சர் 20. எறிதல் கைவிட்ட இரவில், வேறு வேறு நேரத்தில் வேறு வேறு ஆள் வந்து தோள் கொடுத்து 76-67 என்று கரை சேர்த்தார்கள்.

2012 அணியின் கதை ஏறக்குறைய ஒரே மனிதரைச் சுற்றி. ஆந்தனி டேவிஸ் சிகாகோவின் பள்ளி நாள்களில் கார்டாக, அதாவது வெளியே நின்று பந்தைக் கையாளுகிறவராக, ஆடிக்கொண்டிருந்தவர். குறுகிய காலத்தில் ஏழெட்டு அங்குலம் வளர்ந்துவிட்டார். உயரம் வளையத்தடியில் நிற்கும் சென்டருக்குரியது, கைப்பழக்கம் கார்டுடையது, மறிப்பில் நடுவிலும் நிற்பார், மூலைக்கும் பாய்வார். ஒரே சீசனில் 186 பிளாக், அதாவது எதிராளியின் எறிதலைத் தட்டிவிட்டது 186 தடவை. அணி 38-2. அவரும் மைக்கேல் கிட்-கில்கிறிஸ்டும் அந்த ஆண்டு என்.பி.ஏ. அணிகள் புது வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் முதல் இரண்டு பேராகத் தேர்வானார்கள், ஒரே கல்லூரியிலிருந்து முதல் இரண்டு பேர் என்பது அதற்கு முன் நடந்ததே இல்லை. மொத்தம் ஆறு பேர் தேர்வானார்கள். ஆறாவது ஆளாக பெஞ்சிலிருந்து இறங்கிய மூத்தவர் டேரியஸ் மில்லர் கென்டக்கியின் மேஸ்வில் ஊர்க்காரர், பள்ளியில் மாநிலப் பட்டமும் வென்றவர். பதினெட்டு பத்தொன்பது வயதுப் பிள்ளைகளுக்கு நடுவே வீட்டுப் பெரியவர் மாதிரி.

சரி, இவர்களின் மோசமான இரவுகள்? இரண்டு உண்டு, இரண்டிலும் தேறினார்கள். இண்டியானாவுக்கு எதிரான ஆட்டத்தில் டேவிஸ் முதல் பாதியிலேயே இரண்டு ஃபவுல் வாங்கிப் பெரும்பகுதி நேரம் உட்கார்ந்துவிட்டார். டிசம்பரில் கடைசி நொடி எறிதலில் 73-72 என்று இவர்களைத் தோற்கடித்திருந்த அதே இண்டியானா. டேவிஸ் இல்லையென்றால் இந்த அணி என்ன ஆகும் என்ற கேள்விக்கு அன்றைக்குப் பதில் கிடைத்தது: 102-90. ஃப்ரீ த்ரோ 37-இல் 35 விழுந்தன. பிள்ளைகளுக்குப் பதற்றமே இல்லை.

அடுத்தது நியூ ஆர்லியன்ஸில் கான்சஸுக்கு எதிரான இறுதியாட்டம். டேவிஸ் பத்து தடவை எறிந்தார், ஒன்று விழுந்தது. ஆறே புள்ளி. இதைப் படித்தால் தோற்றுவிட்டார்கள் என்று நினைப்பீர்கள். ஆனால் மீதிக் கணக்கு: 16 ரீபவுண்ட், 6 பிளாக், 5 அசிஸ்ட் (கூடையில் முடிந்த பாஸ்), 3 ஸ்டீல் (பறித்த பந்து). அந்த ஆட்டத்தை நான் திரும்பப் போட்டுப் பார்த்தபோது பந்தை விட்டுவிட்டுக் கான்சஸ் வீரர்களின் கண்களை மட்டும் கவனித்தேன். வளையத்தடிக்கு வந்து எழும்பும் முன் தலை ஒரு பக்கம் திரும்பும், அவர் எங்கே என்று தேடும். அந்தத் தேடலிலேயே கால் நொடி போய்விடும், எறிதல் கோணலாகும். இந்தக் கால் நொடியை எந்தக் கணக்கேட்டிலும் எழுத முடியாது. டோரன் லாம்ப் 22 புள்ளி எடுத்துக் கொடுத்தார், 67-59. ஆறு புள்ளி எடுத்த டேவிஸுக்குத்தான் தொடரின் சிறந்த வீரர் விருது, அதில் யாருக்கும் மறுபேச்சு இல்லை.

ஆக, என் அளவுகோலில் இரண்டு அணிகளும் தேர்ச்சி. அதுவும் 2012-இன் தேர்ச்சி ஒரு படி அழகானது. முதன்மை ஆட்டக்காரரின் எறிதல் முற்றாகக் கைவிட்டும் அவரே ஆட்டத்தை ஆண்டார். கென்டக்கி வரலாற்றில் ஒரு சீசனை முழுதாக ஆண்ட தனிமனிதர் யார் என்று கேட்டால் டேவிஸ் என்று யோசிக்காமல் சொல்வேன்.

ஆனால் கேள்வி அணியைப் பற்றியது. மார்ச் போட்டியின் ஆறு ஆட்டங்களில் 2012-இன் சராசரி வித்தியாசம் 12-க்குச் சற்றுக் குறைவு. 1996-க்கு அது 21.5. மோசமாக அமைந்த இறுதியாட்டங்களிலும் இரண்டும் ஒன்பது எட்டுப் புள்ளியில் ஜெயித்தன, ஆனால் சாதாரண இரவுகளில் 1996 ஏறக்குறைய இரண்டு மடங்கு தூரம் ஓடியது. 2012-இல் நம்பி இறக்க ஏழு பேர். 1996-இல் பத்து. வயதும் ஒரு கணக்கு: 2012-இன் முதல் ஐவரில் மூவர் முதலாண்டு, இருவர் இரண்டாமாண்டு. 19 வயது ஆகாமல் என்.பி.ஏ.வுக்குப் போக முடியாது என்ற விதி வந்த பிறகு, ஒரே ஆண்டு ஆடிவிட்டுக் கிளம்பும் பிள்ளைகளை வைத்து அணி கட்டுவது கலிப்பாரியின் வழியாகிவிட்டது. டெல்க், மெக்கார்ட்டி, போப் ஆகியோர் அப்படியல்ல, நான்காம் ஆண்டுக்காரர்கள், முறுக்கேறிய உடம்பு.

இரண்டும் மோதினால்? விதிகளில் பெரிய மாற்றமில்லை. எறிய இரண்டு காலத்திலும் 35 நொடிதான். மூன்று புள்ளிக் கோடு மட்டும் 2008-09 சீசனிலிருந்து ஓர் அடி பின்னால் போனது. டெல்க்குக்கு ஓர் அடி ஒரு பொருட்டல்ல. வாக்கரும் மெக்கார்ட்டியும் போப்பும் உயரமானவர்கள், ஆனாலும் வெளியே நின்று எறியக் கூடியவர்கள். அவர்களைக் காக்க டேவிஸ் வளையத்தடியை விட்டு வெளியே வர வேண்டியிருக்கும். வருவார், வந்து தடுப்பார்கூட. அந்த டிசம்பரிலேயே வட கரோலைனாவின் ஜான் ஹென்சன் தள்ளி நின்று எறிந்த கடைசி எறிதலைத் தடுத்து 73-72 என்று ஆட்டத்தைக் காப்பாற்றியவர் அவர். 2012 ஆதரவாளர்களின் சிறந்த வாதம் இதுதான், இதற்கு என்னிடம் முழுப் பதில் கிடையாது. அரைப் பதில்தான் உண்டு: அவர் வெளியே வருகிற ஒவ்வொரு தடவையும் உள்ளே டேவிஸ் இல்லாத வளையம் இருக்கும், ஆண்டர்சன் அதைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

மறுமுனையில், பந்தைக் கொண்டுவருவது முதலாண்டு மாணவர் மார்க்கஸ் டீக். முதல் பத்து நிமிடம் சமாளிப்பார். இருபதாவது நிமிடத்தில் அவர் முன்னால் டர்னர் நிற்பார், முப்பதாவதில் ஷெப்பர்ட், இருவரும் அப்போதுதான் பெஞ்சிலிருந்து எழுந்து வந்த புதுக் கால்களோடு. டீக்குக்கு மாற்றாக இறக்க அப்படி ஓர் ஆள் கலிப்பாரியிடம் இல்லை.

டேவிஸ் 20 ரீபவுண்ட் எடுப்பார், எட்டு பிளாக் போடுவார், ஆட்டத்தின் சிறந்த வீரர் விருதைத் தோற்ற அணியின் பக்கமே கொடுக்க வேண்டியிருக்கும். நான்கு புள்ளியில் 1996. கடைசி அரை நிமிடத்தில் ஃபவுல் வாங்கிக்கொண்டு ஃப்ரீ த்ரோ கோட்டுக்கு நடந்து போவது, என்.பி.ஏ. பக்கமே போகாத அந்த எப்ஸ்.